விசிலுக்குப் பிறகும்

“கொஞ்சம் ஒழுங்கு பண்ணுன்னுதானே சொன்னேன். மொத்தமும் எங்கே?” என்றாள் மனைவி டார்லா.

வெண்டலுக்கே விளங்கவில்லை. இடது பக்கம் கொஞ்சம் கூடுதலாக வெட்டுப்பட்டது. சரிக்கட்ட வலது பக்கம், மறுபடி இடது. இப்படி நியாயம் பார்த்ததில், இளவயதிலிருந்து வாயை மூடித் தொங்கிய மீசை முழுவதும் கை கழுவும் தொட்டியில் கிடந்தது. சூப் குடித்தால் பாதி தங்கிவிடும் மீசை.

“உரிச்ச உருளைக்கிழங்கு மாதிரி இருக்கே. நல்லவேளை, உனக்கு ரேடியோவுல வேலை.”

“இன்னைக்கு ஊர் முன்னாடி நின்னு பேசணும், டார்லா.”

அன்று மாலை ஐஸ் ஹாக்கி அரங்கில் விழா. ஊர் அணியின் பழைய கோல் கீப்பர் ஓரெஸ்ட் பனாசுக்கின் சட்டையைக் கூரையில் ஏற்றப்போகிறார்கள். அவருடைய எண்ணை இனி யாரும் அணிய முடியாது. தலைமை உரை, வர்ணனையாளர் வெண்டல்.

ஓரெஸ்டின் புகழ் ஒரு விநோதப் பழக்கத்தில் இருந்தது. நடுவர் விசில் ஊதி ஆட்டம் நின்ற பிறகும், யாராவது சும்மா தட்டிவிடும் ரப்பர் வட்டைக்கூடப் பாய்ந்து தடுப்பார். ‘விசிலுக்குப் பிறகும் தடு’ என்று அரங்கச் சுவரிலேயே எழுதிவிட்டார்கள். பாதிரியார் அதை வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தையே ஓட்டினார். ஊர்ப் பிள்ளைகள் இன்றும் அப்படியே பாய்ந்து முட்டியைப் பெயர்த்துக்கொள்கிறார்கள்.

ஏன் அப்படிச் செய்தார்? ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் வெண்டல் மைக்கை நீட்டிக் கேட்பான். ஓரெஸ்ட் அவன் முகத்தையே ஒரு கணம் உற்றுப் பார்ப்பார். சிரிப்பார். தோளைத் தட்டிவிட்டுப் போய்விடுவார். மற்ற நிருபர்களுக்கு இரண்டு வார்த்தையாவது கிடைக்கும். வெண்டலுக்குக் கிடைத்த மௌனத்தை டிராக்டர் விளம்பரம் போட்டுத்தான் நிரப்ப வேண்டியிருந்தது.

“அவருக்கு உன்னைப் பிடிக்கலை. இத்தனை வருஷமாவா இது புரியலை?” என்றாள் டார்லா காரில்.

“இன்னைக்குக் கடைசியா கேட்கப்போறேன். இப்பவும் சிரிச்சிட்டுப் போனார்னா, மைக்கை வேற யார்கிட்டயாவது குடுத்துட்டு வீட்டுக்கு வந்துடுவேன். நம்மளை மதிக்காத மனுஷனை எப்படி வாய் நிறையப் புகழறது?”

அரங்கில் ஓரெஸ்ட் வீரர்கள் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து காபி கலக்கிக்கொண்டிருந்தார். வெண்டல் பின்பக்கமாக நெருங்கினான். அந்த நேரம் பார்த்து, கோல் விழுந்தால் அலறும் சைரனை யாரோ சோதித்தார்கள். வெண்டலின் கையிலிருந்த டோனட் பனியில் போய் விழுந்தது. ஓரெஸ்டின் கரண்டி நிற்கக்கூட இல்லை.

“பாரு, இரும்பு நரம்பு. உனக்கும் இருக்கே ஒண்ணு, அவிச்ச நூடுல்ஸ்” என்றாள் டார்லா.

வெண்டல் சுற்றிப்போய் எதிரே நின்றான்.

“ஓரெஸ்ட், நான்தான் வெண்டல். மீசை... அது ஒரு விபத்து. ஒரே ஒரு கேள்வி. விசில் ஊதினப்புறமும் ஏன் தடுத்தீங்க? என்கிட்ட மட்டும் ஏன் பதில் சொல்ல மாட்டேங்கறீங்க? நான் என்ன தப்பு பண்ணினேன்?”

ஓரெஸ்ட் அவன் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். வழக்கம்போலச் சிரித்தார். வெண்டல் மைக்கை வேறு யாரிடமாவது கொடுத்துவிடத் திரும்பினான். அவர் அவன் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

“எட்டு வயசுல ஒரு காய்ச்சல் வந்து என் ரெண்டு காதும் போயிடுச்சு, வெண்டல். வெளியில தெரிஞ்சா அணியில வைக்க மாட்டாங்கன்னு எல்லார் உதட்டையும் பார்த்தே காலத்தை ஓட்டிட்டேன். விசிலை நான் கேட்டதே இல்லை. உன் உதட்டை இன்னைக்குத்தான் முதல்முறையா பார்க்கறேன்.”