பெரிய காரின் மூக்கு

விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைக் கம்பெனியின் வாசலில், உச்சி வெயில் முதுகில் வழிய நிற்கிறது முதலாளியின் புதுக் கார். ஊரே வாயைப் பிளந்து பார்த்த அவருடைய பழைய பெரிய காரின் அதே ரகம்தான். கார் செய்கிறவர்கள் இந்த வருஷம் அதன் உருவத்தை மாற்றிவிட்டார்கள். "சோப்பு மாதிரி வழவழன்னு இருக்குதுங்க" என்று சூளை ஆட்கள் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். வேம்புவுக்கு மட்டும் பற்றிக்கொண்டு வருகிறது. ஒன்பது வருஷமாகப் பழைய காரின் பொம்மையை அச்சிலிருந்து எடுத்து, ஈரம் காய்வதற்குள் கத்தியால் பிசிறு சீவிச் சூளைக்கு அனுப்புகிறவள் அவள். நீண்ட மூக்கு, நான்கு வட்ட விளக்கு, பின்பக்கத்து மடிப்பு எல்லாம் அவள் கட்டைவிரலுக்கு மனப்பாடம். ஒருநாளும் அந்த நிஜக் காரில் ஏறி உட்கார்ந்ததில்லை. "நல்லா இருந்த மூக்க எவன் சீவி எறிஞ்சான்?" என்கிறாள், முதலாளி நிற்பதையும் பாராமல். அவர் சிரிக்கிறார். "இனிமே பொம்மையும் இந்த மாடல்தான் வேம்பு. பழைய அச்சையெல்லாம் ஒடைச்சிடுங்க." வேம்பு மண் காயாத விரலால் காரின் முகப்பை அழுத்தித் தடவுகிறாள். கறுப்புப் பளபளப்பில் வெள்ளையாய் ஒரு கோடு விழுகிறது. "ஏய், தொடாத!" என்று கத்துகிறான் டிரைவர் சகாயராஜ். "தொட்டுட்டேன். வெரலுக்கு ஒண்ணுமே தட்டுப்படல. இதெல்லாம் ஒரு காரா?" விறுவிறுவென்று உள்ளே போய், அச்சு அலமாரியில் முதுகைச் சாய்த்து உட்காருகிறாள். மடியில் ஈரமாய் ஒரு பழைய கார், கையில் கத்தி. "ஒடைக்கிறவன் எவனோ, வரச்சொல்லு."