கை படாத கண்டுபிடிப்பு

செல்போன் சிக்னலைக் குறிவைத்து அனுப்பும் ஆன்டெனா ஒன்றைக் கண்டுபிடித்திருந்த முனைவர் மதிவாணன், அதற்குக் கம்பம் நட இடம் தேடித் திருவையாறு பக்கம் வந்திருந்தார். அது அனுப்பும் சிக்னல் கற்றையை ஆங்கிலத்தில் ‘பீம்’ என்றால் அவருக்குக் கௌரவக் குறைச்சல். ‘கதிர்’ என்றுதான் சொல்வார்.

நிலத்துக்காரி ஞானாம்பாள் விடாமல் விசாரித்தாள்.

“உங்க மெஷின் கதிரை என்னங்க செய்யும்?”

“வேண்டிய பக்கம் திருப்பும்மா. சாய்க்கும், நிமிர்த்தும். எல்லாம் ஒரே பட்டன்!”

“ஆள் வேணாமா?”

“கை படவே வேண்டாம்.”

“மழை அடிச்சா?”

“புயலே அடிக்கட்டுமே!”

“அப்ப என் வயல்லயே நட்டுக்குங்க.”

முனைவர் பூரித்துப்போய்க் கருவியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்தார். முந்தாநாள் மழையில் வயல் முழுக்க நெல் படுத்துக் கிடந்தது.

“நாளைக்கு அறுப்பு மெஷின் வருதுங்க. பட்டனைத் தட்டுங்க, கதிர் நிமிரட்டும்.”

“ஐயோ, நான் சொன்னது பீம்! சிக்னல்!”

“கதிருன்னுதானே சொன்னீங்க? இது நிமிர்ந்தாத்தான் கம்பம்.”

அவள் வரப்பில் அழுத்தமாக உட்கார்ந்துவிட்டாள். ஊரில் வேறு யாரும் இடம் தரவில்லை. முனைவர் பேண்ட்டை மடித்துக்கொண்டு சேற்றில் இறங்கி, நாலு நெல் தூரைச் சேர்த்துத் தூக்கிக் கட்டினார்.

“கை படவே வேண்டாம்னீங்க?” என்றாள் ஞானாம்பாள்.