பழைய சத்தம்தான் வேணும்

"ஹாரன் செத்துப்போச்சு தம்பி. சாயங்காலத்துக்குள்ள சரிபண்ணணும். ராத்திரி பனி கொட்டுமாம்" என்றார் காரை விட்டு இறங்கிய அக்மத்.

நாரின் என்ற மலையூரின் மெக்கானிக் தொலோகோன் பியூஸைப் பார்த்தான், நன்றாகத்தான் இருந்தது. ஹாரனைக் கழற்றி நேராகப் பேட்டரியில் கொடுத்துப் பார்த்தான், மூச்சே இல்லை. உள்ளே தண்ணீர் புகுந்து துருப்பிடித்திருந்தது. புதிது ஒன்றை மாட்டி அழுத்தினான். கடையே அதிர்ந்தது.

"இது வேணாம். பழைய சத்தம்தான் வேணும்."

"ஹாரன்ல என்னண்ணே பழசு, புதுசு?"

"இதைக் கேட்டா மிரண்டு இன்னும் மேலதான் ஓடும். ரெண்டு நாளா மலையை விட்டு இறங்கல. நான் தொண்டை கிழிய கத்தியும் காதுல வாங்கல."

தொலோகோன் சிரித்தான். "அண்ணி கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்களா?"

"வாயை மூடிட்டு வேலையைப் பாரு!"

பழைய சாமான் குவியலில் அதே மாதிரி லாடா காரின் ஹாரன் ஒன்று கிடைத்தது. அழுத்தியதும் அக்மத்தின் முகம் மலர்ந்தது.

"நானும் வர்றேண்ணே. சமாதானம் பேச ஆள் வேணுமில்ல?" என்று தொலோகோன் காரில் தொற்றிக்கொண்டான்.

அவர்கள் மலையடிவாரம் போய்ச் சேர்ந்தபோது பனி தூற ஆரம்பித்திருந்தது. அக்மத் ஹாரனை மூன்று முறை நீளமாக அழுத்தினார்.

பாறைகளுக்கு நடுவிலிருந்து கொம்பு வைத்த ஒரு தலை எட்டிப் பார்த்தது. அதன் பின்னாலேயே நூற்று நாற்பது ஆடுகள் தடதடவென்று இறங்கி ஓடிவந்தன.

கண் கலங்க டிக்கியைத் திறந்தார் அக்மத்.

"என்ன வாயைப் பொளந்து நிக்கறே? உங்க அண்ணி வீட்லதான் இருக்கா. இந்தச் சத்தம் கேட்டாத்தான் ஆடுங்க உப்பு நக்க இறங்கி வரும். உப்பு மூட்டையை இறக்கு!"