சார் வைத்த பரீட்சை

செய்முறைத் தேர்வுக்கு எலெக்ட்ரிகல் சார் தன் சொந்தக் காரையே கொண்டுவந்து நிறுத்தினார். எனக்கு முன்னால் போன ஆறு பேரும் அதில் தோற்றிருந்தார்கள். நான் ஏற்கெனவே இரண்டு தடவை தோற்றவன். இதிலும் தோற்றால் மாலை வகுப்புக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"கண்ணாடி ஏறாது, இறங்காது. சன்ரூஃப் திறக்காது. எங்கே கோளாறுன்னு கண்டுபிடிச்சு சரி பண்ணினா பாஸ்."

ஃபியூஸ் நன்றாக இருந்தது. சந்தேகம் வந்து மறுபடியும் பார்த்தேன்.

"அது என்ன கைக்குழந்தையா, அப்படித் தடவறே?"

ரிலே, சுவிட்ச், மோட்டார் என்று ஒவ்வொன்றாகச் சோதித்து நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன. எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லையோ என்று தோன்றியது.

"எங்கே ஒளிச்சு வச்சிருக்கீங்கன்னு கொஞ்சம் கோடி காட்டுங்க சார்."

"நானே சொல்லிட்டா அப்புறம் பரீட்சை எதுக்குடா?"

கடைசியில், டிரைவர் காலடி விரிப்பைத் தூக்கினேன். அடியில் எர்த் வயர் பச்சைக் களிம்பு பூத்துப்போய், போல்ட்டை விட்டு விலகியிருந்தது. சுரண்டிச் சுத்தம் செய்து முடுக்கினேன். நான்கு கண்ணாடிகளும் இறங்கின. சன்ரூஃப் திறந்தது.

சார் ஒவ்வொரு சுவிட்சையும் நாலைந்து தடவை அமுக்கிப் பார்த்தார். என் தாளில் 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். உடனே வீட்டுக்குப் போன் செய்தார்.

"கார் சரியாயிடுச்சு. நாலு மாசமா மண்டையை உடைச்சும் முடியலை, நீயெல்லாம் ஒரு வாத்தியாரான்னு கேட்டியே, இப்ப என்ன சொல்றே? ... யார் சரி பண்ணினாங்களா? இதென்ன கேள்வி, நான்தான்."