பின்சுவர்

கோபிகிருஷ்ணன் பதிவு செய்த கச்சேரிகளில் வித்வானைவிட முறுக்கு கடிப்பவர்தான் தெளிவாகக் கேட்பார்.

"இந்த தபாவும் சொதப்பினா ரெக்கார்டரை வித்துடுவேன்," என்று மனைவி ரூபா கெடு வைத்துவிட்டாள்.

ஆகவே திருப்பதி மண்டபத்தில் பின்சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றான். பின்னால் ஆளே இல்லையென்றால் யார் இருமுவது?

வீட்டில் போட்டுக் கேட்டார்கள். நாதஸ்வர வித்வான் கூடத்துக்கே வந்து வாசித்ததுபோல் இருந்தது.

"அடேங்கப்பா!" ரூபாவே தொடையில் தாளம் போட்டாள்.

கைதட்டல் அடங்கியதும், கோபிகிருஷ்ணனின் முதுகுப் பக்கமிருந்து ஒரு பெரியவர் குரல் பதிவாகியிருந்தது: "அடுத்த வாரம் காளஹஸ்தியில மூணாவது தூணாண்ட நில்லு நைனா. இன்னும் நல்லா கேக்கும்."

"யோவ், உன் பின்னால செவுருதானே இருந்துச்சு?"

"கொஞ்சம் சும்மாயிரு," என்று அவன் பரபரப்பாகப் பேனாவைத் தேடினான். "எத்தனாவது தூணுன்னு சொன்னாரு?"