குடத்து அயிரை

முத்துப்பேச்சியின் குடத்தில், ஏரியில் பிடித்த அயிரை மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. ஏரித் தண்ணீரில் முக்கியெடுத்த மரபணுக் குச்சியோ வெளுத்தே இருந்தது.

"ஏரியில அயிரை இல்லம்மா," என்றார் அதிகாரி. தண்ணீரில் அயிரையின் மரபணு இருந்தால் குச்சி சிவக்கும்; சிவந்தால்தான் ஏரி தப்பும். அயிரை இல்லாத ஏரியை மூடிவிடலாம் என்பது சட்டம். கரையில் மண் லாரிகள் உறுமின.

"அப்ப குடத்துல துள்றது என்ன சார், கத்திரிக்காயா?"

"குச்சி சொல்லணும்மா."

பேச்சி போனைத் திறந்தாள். மரபணுக் களஞ்சியத்தில் அயிரை என்றிருந்தது ஏதோ வடக்கத்தி ஆற்று மீன்; குச்சியும் அதற்குச் செய்ததுதான். குடத்து மீனின் வழுவழுப்பைப் போனில் தடவி, அதன் மரபணுவைக் களஞ்சியத்தில் ஏற்றினாள். வேறெந்த மீனிலும் இல்லாத மரபணுத் துண்டைத் தேடிப் பிடித்தாள். இதுவும் அயிரைதான் என்று களஞ்சியம் ஒப்புக்கொண்டதும், ஜெராக்ஸ் கடைக்கு ஓடி அந்தத் துண்டுக்குப் புதுக் குச்சி அடித்து வந்தாள்.

"நீங்களே ஏரியில முக்குங்க சார்."

குச்சி செக்கச்செவேலென்று சிவந்தது.

லாரிகள் மண்ணோடு திரும்பின. பேச்சி குடத்தை ஏரியில் கவிழ்த்தாள்.

"போங்கடா, இனிமே நீங்க இருக்கீங்க!"