செம்புத் தண்ணீர்

சோழபுரத்தில், வேப்பமர நிழலில் பழைய ஜீப் பானட்டைத் திறந்துகொண்டு நிற்கிறது. அதை ஓட்டிவந்த சீனிச்சாமி இறந்த பிறகு அது ஓடவில்லை. சாயங்காலம் விலைக்கு வாங்குகிறவர் வந்துவிடுவார். ராஜபாளையத்து மெக்கானிக் பாண்டிதுரை வெடித்துப்போன டீசல் டியூப்பைக் கழற்றித் தரையில் போடுகிறான். அதன் நுனியில் பல் பதிந்திருக்கிறது. டீசல் ஏறாதபோதெல்லாம் சீனிச்சாமி அதைக் கடித்துப் பிடித்து வாயால் உறிஞ்சுவார். கம்பெனி டியூப் இப்போது வருவதில்லை. கடையில் கிடைத்த வேறொன்றை அளந்து வெட்டி, கிளிப் மாட்டி முறுக்குகிறான் பாண்டிதுரை. கைப்பம்பை அமுக்க அமுக்க டீசல் ஏறுகிறது. சாவியைத் திருப்பியதும் ஜீப் இருமி, உறுமி, நிலைக்கு வருகிறது. அந்தச் சத்தத்துக்கு, சீனிச்சாமியின் மனைவி குருவம்மாள் செம்பு நிறையத் தண்ணீரோடு வெளியே வருகிறாள்.

"இந்தாங்க தம்பி, வாயைக் கொப்பளிங்க."

"நான் வாயே வைக்கலையே மதினி. பம்புலயே ஏத்திட்டேன்."

"அவிய உறிஞ்சித்தான்..." என்கிறவள் நிறுத்திக்கொள்கிறாள். செம்பு ததும்பிப் பாதத்தில் சிந்துகிறது. பாண்டிதுரை அவள் முகத்தைப் பார்க்கிறான். கையைத் துடைத்துவிட்டுச் செம்பை வாங்கி, வாய் நிறையக் கொப்பளித்து மரத்தடியில் துப்புகிறான்.

"இன்னொரு தரம் கொப்பளிங்க," என்கிறாள் குருவம்மாள். "ஒரு தரத்துல வாடை போகாது."